அவசரத்துக்கு ஒரு தம்பி

அக்டோபர் 7, செவ்வாய்

இந்த டைரி கேபிள் கம்பெனிக்காரன் பொங்கலுக்குக் கொடுத்தது. இத்தனை மாதமாகப் பிரிக்காமல் மேசையில் கிடந்தது. இன்று எழுத உட்கார்ந்ததற்கு ஒரே காரணம், செயலியில் டாக்டரிடம் நேரம் வாங்கியதும் போனுக்கு வந்த செய்தி: "தூக்கம், சாப்பாடு, மனநிலை பற்றித் தினமும் சில வரிகள் எழுதி வைத்திருந்தால் முதல் சந்திப்பில் உதவியாக இருக்கும்." சரி, எழுதுகிறேன். தூக்கம்: இல்லை. சாப்பாடு: மெஸ்ஸில் மூன்று இட்லி, அதில் ஒன்று காக்காய்க்கு. மனநிலை: இப்படிக் கேட்டால் எரிச்சல்.

பெயர் தவமணி. வயது நாற்பத்தொன்பது. தேனிக்குத் தெற்கே மலையடியில் ஒரு சின்ன ஊரில் மின்வாரிய உதவிப் பொறியாளர். மனைவி இந்துமதியும் மகள் அபிநயாவும் கோயம்புத்தூரில். பாப்பா பன்னிரண்டாம் வகுப்பு, கூடவே டாக்டர் படிப்பு நுழைவுத் தேர்வுக்குக் கோச்சிங். நான் இங்கே குவார்ட்டர்ஸில் தனியாக. யாரிடம் என்னை அறிமுகம் செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரியவில்லை.

தேனியிலேயே மனநல டாக்டர் இருக்கிறார். போன மாதம் அந்தத் தெருவரை போனேன். கிளினிக் வாசல் பெஞ்சில் இருந்தவர் எழுந்து கும்பிட்டார். "சார், நம்ம தெருவுல லோ வோல்டேஜ் சார். மோட்டார் எடுக்கவே மாட்டேங்குது." அடுத்து 'யாரைப் பாக்க வந்தீக' என்று கேட்பதற்குள், சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததாகச் சொல்லித் திரும்பிவிட்டேன். அவரும் அங்கே டாக்டரைத்தான் பார்க்க வந்திருக்கிறார். அவருக்கு வெட்கமில்லை, எனக்குத்தான்.

ஆகவே போனில் டாக்டர்.

அக்டோபர் 9, வியாழன்

டாக்டரின் உதவியாளர் பெண் கூப்பிட்டாள். ஆதார், வயது, எடை, சர்க்கரை உண்டா, குடி உண்டா. பிறகு நான் உட்கார்ந்து பேசப்போகும் இடத்தின் முழு விலாசம்.

"ஒவ்வொரு தடவையும் கேப்போம் சார். வேற ஊர்ல இருந்து பேசினீங்கன்னா அதையும் சொல்லிரணும்."

"எதுக்கும்மா?"

"அவசரம்னா ஆள் அனுப்பணும்ல சார். அதே மாதிரி உங்க பக்கத்துல இருக்கற ஒருத்தர் பேரும் நம்பரும் வேணும். உங்க மேல அக்கறை உள்ளவங்களா இருக்கணும். நீங்க போன எடுக்கலைன்னா மட்டும் அவங்களைக் கூப்பிடுவோம்."

இந்துமதி என்று சொல்ல முடியாது. காதில் விழுந்த மறுநிமிஷம் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். பாப்பாவுக்கு ஒரு வருஷம் பாழ். ஆபீஸில் யார் பெயரைச் சொன்னாலும் கோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். எங்கள் ஆட்களிடம் கரண்ட்கூட இவ்வளவு வேகமாக ஓடாது.

"தம்பி இருக்கான். முத்துராஜ்."

எனக்குத் தம்பி கிடையாது. வீட்டுக்கு ஒரே பிள்ளை. நம்பர் கேட்டாள். வாரியம் கொடுத்த போனின் எண்ணைச் சொன்னேன். என் சொந்த போனும் அதுவும் ஒரே சட்டைப் பையில்தான் கிடக்கின்றன. அடித்தால் நானே எடுத்து, தம்பியாக இரண்டு வார்த்தை பேசிவிட்டால் தீர்ந்தது.

வாரிய போனை நாங்கள் எந்தக் காலத்திலும் அணைப்பதில்லை. மழையோ, கல்யாணமோ, சாவோ, அது விழித்தே இருக்கவேண்டும். ஊரில் கரண்ட் போனால் அதற்குத்தான் கூப்பிடுவார்கள். நான் லீவு போட்டால் போர்மேன் சுருளிவேல் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவேன். யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அன்றைக்கு ஈபி.

அக்டோபர் 11, சனி

பதினோரு மணிக்கு முதல் சந்திப்பு. ஜன்னலைச் சாத்திவிட்டு, நல்ல சட்டை போட்டு, தலைசீவி உட்கார்ந்தேன். கீழே கைலி. பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி கை வியர்த்தது.

டாக்டர் பெனிட்டா. மதுரையில் இருந்து பேசினார். முப்பத்தைந்து வயதிருக்கும். ரூமில் வேறு யாராவது இருக்கிறார்களா, கதவைச் சாத்தியாயிற்றா, நிம்மதியாகப் பேச முடியுமா என்று முதலில் கேட்டார். பத்து நிமிஷத்தில் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கேட்டார். அப்பா எப்படி இருப்பார், அம்மா எப்படிப் போனார், வேலையில் எது பிடிக்கும், கடைசியாக எப்போது வாய்விட்டுச் சிரித்தேன். கடைசிக் கேள்விக்கு யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

"ஏதாவது நடந்துச்சா சார்? நஷ்டம், சண்டை, யாராவது இறந்தது?"

"ஒண்ணுமே நடக்கலை மேடம். அதான் அசிங்கமா இருக்கு. ஏதாவது நடந்திருந்தா சொல்லிக்கலாம்."

"காரணம் இல்லாமலும் வரும் சார். உங்க வேலையில வெளிய ஒண்ணும் அறுந்து விழாமலேயே லைன் போறது இல்லையா?"

போகும். அதைக் கண்டுபிடிக்கத்தான் உயிர் போகும்.

பிறகு, குரலை மாற்றாமல், "வாழ வேண்டாம்னு தோணியிருக்கா? சாகணும்னு நினைப்பு வருதா?" என்றார்.

"சேச்சே, அதெல்லாம் இல்லை மேடம். பொண்ணு படிச்சுக்கிட்டு இருக்கா."

"பொண்ணு படிக்கறது என் கேள்விக்குப் பதில் இல்லையே சார்."

"இல்லை மேடம். அப்படி ஒண்ணும் இல்லை."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நெட்வொர்க் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். நிற்கவில்லை.

தூக்க மாத்திரை கேட்டேன். அதை நேரில் பார்க்காமல் எழுதமாட்டாராம். வேறு மாத்திரை, முதலில் அரை, பிறகு ஒன்று. வேலை செய்ய மூன்று நாலு வாரம் ஆகும். "முதல்ல உடம்புக்குத் தெம்பு வரும், மனசு பின்னாடிதான் வரும். அந்த இடைப்பட்ட நேரத்துல சிலருக்கு நினைப்பு இன்னும் மோசமாகலாம். அப்படி ஆச்சுன்னா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க. உடனே கூப்பிடுங்க." தைராய்டுக்கும் பி-பன்னிரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார்.

முடிந்ததும் கட்டிலில் சாய்ந்தேன். மின்கம்பம் ஏறி இறங்கினால்கூட இந்த அலுப்பு வராது.

அக்டோபர் 12, ஞாயிறு

மருந்துச் சீட்டு போனுக்கே வந்துவிட்டது. டாக்டரை ஒளித்துப் பார்த்துவிடலாம், மாத்திரையை ஒளித்து வாங்க முடியவில்லை. இங்கே இருக்கிற ஒரே மெடிக்கல் ஷாப் எங்கள் வயர்மேனின் மச்சானுடையது. பஸ் பிடித்துத் தேனி போய் வாங்கினேன். கடைப்பையன் சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "சாப்ட்டு போடுங்கண்ணே" என்றான். அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு பயந்தேன்.

அக்டோபர் 15, புதன்

குமட்டல். வாய் காய்கிறது. தூக்கம் பழையபடி.

அக்டோபர் 20, தீபாவளி

தீபாவளியன்று எங்களுக்கு லீவு கிடையாது. நாலு டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போயிற்று. இந்து போனில், "பாப்பா அதிரசம் சுட்டிருக்கா, கல்லு மாதிரி இருக்கு, உங்களுக்கு அனுப்பவா?" என்றாள். சிரித்தேன். சிரிப்பை எங்கே ஆரம்பித்து எங்கே முடிக்கவேண்டும் என்று கவனமாகச் செய்யவேண்டியிருக்கிறது.

"நல்லா இருக்கீங்கல்ல?" என்று கேட்டாள். இரண்டு தரம் கேட்டாள்.

அக்டோபர் 25, சனி

இரண்டாவது சந்திப்பு. ரத்தத்தில் கோளாறு இல்லை. மாத்திரை இனி முழுசு. பேச்சு நடுவில் கரண்ட் போயிற்று. வைஃபை செத்தது. இந்த உலகத்தில் யாருக்கு நடந்தாலும் எனக்கு நடந்திருக்கக்கூடாது. மொபைல் டேட்டாவில் திரும்ப இணைந்தால், வாரிய போன் விடாமல் அடிக்கிறது.

"அந்த போனை எடுக்கணுமா சார்?"

"எடுக்கணும் மேடம்."

"எடுங்க. நான் இருக்கேன்."

சுருளிவேல். "சார், பீடர் ட்ரிப்பு. மேகமலை அடிவாரத்துல லைன் மேல கொப்பு விழுந்துருக்கு. நான் போறேன், நீங்க வெயில்ல வராதீக." சுருளிவேலுக்கு ஐம்பத்தொன்பது வயது, சித்திரையில் ஓய்வு. வெயிலில் வராதே என்று எனக்குச் சொல்கிறார்.

டாக்டர் சிரித்துக்கொண்டு காத்திருந்தார். அதற்குப்பின் அவர் கேட்டதற்கெல்லாம் பரவாயில்லை என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் 3, திங்கள்

மழை. கம்பம் சாய்ந்தது, நிமிர்த்தினோம். வேறு இடத்தில் சாய்ந்தது, நிமிர்த்தினோம். இப்படியே போகும்போல.

நவம்பர் 8, சனி

மூன்றாவது சந்திப்பு, கால் மணி நேரம். இனி இப்படித்தானாம், முதல் தடவைதான் நீளம். "நல்லா இருக்கு மேடம்" என்றேன். "என்ன நல்லா இருக்கு?" என்று கேட்டார். இந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சும்மா சொல்ல முடியாது. உடம்பில் தெம்பு வந்திருக்கிறது என்றேன். அது நிஜம். காலையில் எழுந்திருக்க முடிகிறது. மனசு? "அதுவும் வந்துக்கிட்டு இருக்கு மேடம்."

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். பாப்பாவுக்கு வாழ்த்து அனுப்பினேன். "அப்பா நான் குழந்தை இல்ல" என்று பதில்.

வீட்டை ஒழுங்கு பண்ணினேன். மூன்று வருஷக் குப்பை. பெரிய குக்கரைக் காவலாளி வீட்டுக்குக் கொடுத்தேன். ஒற்றை ஆளுக்கு எதற்கு.

நவம்பர் 17, திங்கள்

புது ஜூனியரை உட்காரவைத்து எல்லா பீடர் வரைபடத்தையும் விளக்கினேன். எந்த டிரான்ஸ்பார்மர் எந்தத் தெருவுக்கு, எந்த விவசாயி சண்டைக்கு வருவார், எந்த இடத்தில் பாம்பு. "எதுக்கு சார் ஒரேயடியா எல்லாம்?" என்றான். தெரிந்துவைத்துக்கொள் என்றேன்.

இந்துவுக்கு பேங்க் பாஸ்வேர்டு, இன்ஷ்யூரன்ஸ் விவரம் எல்லாம் வாட்ஸப்பில் அனுப்பினேன். "எதுக்குங்க இப்ப?" என்றாள். போன் தொலைந்தால் இருக்கட்டும் என்றேன். பொய் சொல்வது இப்போதெல்லாம் சிரமமாகவே இல்லை.

நவம்பர் 19, புதன்

நல்ல தூக்கம். பல மாதத்துக்குப் பிறகு மனம் லேசாக இருக்கிறது. மாத்திரைதான் வேலை செய்கிறதோ என்னவோ.

நவம்பர் 21, வெள்ளி

நாளைக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். சாயங்காலம் வாரிய போனை சுருளிவேலிடம் ஒப்படைத்தேன். முழுச் சார்ஜ் போட்டுத்தான் கொடுத்தேன்.

"ஊருக்கா சார்?"

"இல்ல சுருளி. சும்மா படுத்துக் கிடக்கலாம்னு."

"படுங்க சார். ஆளே கறுத்துட்டீக."

எல்லாம் முடித்தாயிற்று.

நவம்பர் 24, திங்கள்

சனிக்கிழமை பற்றி எழுதவேண்டும். எழுதும்படி டாக்டரே சொல்லிவிட்டார்.

பதினோரு மணிக்கு நான்காவது சந்திப்பு இருந்தது. நான் உட்காரவில்லை. சொந்த போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். என்ன செய்ய இருந்தேன் என்பதை இங்கே எழுதமாட்டேன்.

பதினொன்றரை இருக்கும். கதவு இடிபட்டது.

"சார்! தவமணி சார்! கதவத் தொறங்க!"

சுருளிவேல் குரல். மூச்சு வாங்கியது. பேசாமல் இருந்தேன். விடவில்லை. இரண்டு கையாலும் இடிக்கிறார்.

"தூங்குறேன் சுருளி. போய்யா."

"தூங்குங்க. தொறந்துட்டுத் தூங்குங்க. இல்லாட்டி நான் பூட்ட ஒடைப்பேன், ஸ்பானர் கையில இருக்கு."

திறந்தேன். அவர் உள்ளே வந்தார். பெருக்கித் துடைத்து வைத்த வீட்டைப் பார்த்தார். மேசை மேல் இருந்ததைப் பார்த்தார். அதை எடுத்துத் தன் காக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார். அப்புறம்தான் சொன்னார்.

"மதுரையிலருந்து ஒரு டாக்டரம்மா இந்த போனுக்குப் போட்டாக. முத்துராஜ்ங்களான்னு கேட்டாக. ராங் நம்பர், இது ஈபின்னு சொல்ல வாயத் தொறந்தேன். அதுக்குள்ள, 'உங்க அண்ணன் தவமணி போன எடுக்கலை, ஒடனே போய்ப் பாக்க முடியுமா'ன்னாக. ஆமா, முத்துராஜ்தான், இந்தா போறேன்னுட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த எண்ணை நான் கொடுத்ததையே மறந்திருந்தேன். எனக்கு அது நம்பராகவே மனதில் இல்லை, வேலையாக இருந்தது. நாளைக்கு நான் இருக்கமாட்டேன் என்று தெரிந்தே, அதை அணைக்காமல் சார்ஜ் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

"ஏன்யா அப்படிச் சொன்னே? நீ எப்படிய்யா எனக்குத் தம்பி?"

"பின்ன என்ன சார்? இல்லைன்னுட்டா அந்தம்மா வேற யாரத் தேடிப் பிடிக்கும்? போன் யாரு கையில இருக்கோ அவன்தான போகணும். நம்ம ஏரியாவா, பக்கத்து ஏரியாவான்னு வெவரம் கேட்டுக்கிட்டா நிப்போம்?"

அவருக்கு ஐம்பத்தொன்பது. எனக்கு நாற்பத்தொன்பது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தால் அழுகை வந்தது. நிறுத்த முடியவில்லை. சுருளிவேல் என் முதுகில் கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் டாக்டருக்குப் போன் போட்டார்.

"தம்பிதாம்மா பேசுறேன். அண்ணன் இருக்காரு."

டாக்டர் என்னிடம் பேசினார். பெயர் பொய், உறவு பொய் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படவில்லை. இனி வீடியோ மட்டும் போதாது, இந்த வாரமே நேரில் வரவேண்டும், அதுவரை ஒரு நிமிஷம்கூட நான் தனியாக இருக்கக்கூடாது, வீட்டுக்கு இன்றைக்கே சொல்லவேண்டும் என்றார்.

"வீட்டம்மாவுக்கு நான் சொல்ல மாட்டேன் சார்," என்றார் சுருளிவேல். "நீங்கதான் சொல்லணும். நான் இங்கிட்டு உக்காந்திருக்கேன்."

அவர் அன்றைக்குப் பகலும் ராத்திரியும் அங்கேயே இருந்தார். ஊர்க்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். "ஈபிதான். ஆமா. ஆள் அனுப்பிருக்கேன். அரை மணி நேரம் பொறுங்க." என் சமையலறையில் பாலில்லாத டீ போட்டு இரண்டு பேரும் குடித்தோம்.

இந்துவிடம் சொன்னேன். உடம்பு சரியில்லை, மனசு சரியில்லை, டாக்டரைப் பார்க்கிறேன் என்று சொன்னேன். அதற்குமேல் சொல்ல வாய் வரவில்லை. அவளும் கேட்கவில்லை. ஞாயிறு காலை பாப்பாவைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு வந்து இறங்கினாள்.

நவம்பர் 26, புதன்

மதுரை. டாக்டர் நேரில் இன்னும் சின்னப் பெண்ணாகத் தெரிந்தார். என்னைத் தனியாக வைத்து நெடுநேரம் பேசினார், பிறகு இந்துவையும் உள்ளே கூப்பிட்டார். மாத்திரையை மாற்றினார். வாரா வாரம் பேசவேண்டும், மாதம் ஒருதரம் நேரில் வரவேண்டும். மாத்திரை எல்லாம் இந்து கையில்தான் இருக்கவேண்டும். ஒரு மாதம் மெடிக்கல் லீவு.

மருந்துக்காக வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இந்து சனிக்கிழமையிலிருந்து ஒரு சொல் கடுமையாகப் பேசவில்லை. இப்போது, என்னைப் பார்க்காமல், எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"சனிக்கிழமை ஏதாவது ஆகியிருந்தா, எனக்கு யாரு போன் பண்ணியிருப்பா?"

கையில் இருந்த சீட்டை நான் மடித்துக்கொண்டிருந்தேன்.

"சுருளி அண்ணந்தான் பண்ணியிருப்பாரு. வாங்கம்மான்னு மட்டும் சொல்லியிருப்பாரு. காரணம் சொல்ல அவருக்கு வாய் வந்திருக்காது. நான் பாப்பாவக் கிளாஸ்லருந்து கூட்டிக்கிட்டு பஸ் ஏறியிருப்பேன். அவ என்ன சும்மாவா வருவா? அப்பாவுக்கு என்னம்மா, அப்பாவுக்கு என்னம்மான்னு கேட்டுக்கிட்டே வருவா. பொள்ளாச்சி, உடுமலை, பழனின்னு ஒவ்வொரு ஊராக் கேப்பா. நான் என்ன சொல்லிக்கிட்டு வந்திருப்பேன்? நீங்கதான் எல்லாம் வெவரமா எழுதி அனுப்புனீங்களே. பேங்க்கு, இன்ஷ்யூரன்சு. இதையும் எழுதி அனுப்பியிருக்கலாம்ல?"

வீட்டைத் துடைத்தேன். பாத்திரம் கொடுத்தேன். ஜூனியருக்குப் பாம்பு இருக்கிற இடம்வரை சொல்லிக் கொடுத்தேன். இந்தப் பஸ்ஸை நான் யோசிக்கவே இல்லை. இவர்களுக்குப் பாரம் குறையும் என்றுதான் உண்மையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சாகணும்னுதான் இருந்தேன் இந்து," என்றேன். வாய்விட்டு அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. டாக்டரிடம்கூடத் தலையைத்தான் ஆட்டியிருந்தேன்.

"தெரியும்." என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சுற்றி அத்தனை பேர் இருந்தார்கள். "தீபாவளிக்குச் சிரிச்சீங்களே, அது உங்க சிரிப்பே இல்லைன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. அதுக்கு மேல கேட்டா இல்லைன்னுருவீங்கன்னு கேக்காம இருந்துட்டேன். இனிமே கேப்பேன். நீங்களும் அந்த நெனப்பு வந்தா அப்பவே சொல்லிரணும். வேலையா இருக்கேன், பாப்பாவுக்குப் பரீட்சைன்னு எதையும் பாக்கக்கூடாது. பரீட்சை அடுத்த வருசமும் வரும்."

பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் போய் மருந்தை வாங்கினாள்.

நவம்பர் 28, வெள்ளி

புது மாத்திரையில் தலை சுற்றுகிறது. குளிக்கப் பிடிக்கவில்லை, குளித்தேன். சுருளிவேல் வாசலில் நின்று, லைன் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அதைச் சொல்ல வரவேண்டிய அவசியம் இல்லை.

நவம்பர் 30, ஞாயிறு

காலையில் பல் விளக்கும்போது அந்த நினைப்பு வந்தது. போய் இந்துவிடம் சொன்னேன். தோசைக்கல்லில் மாவு ஊற்றியிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.